போக்கிமொன் போட்டியாட்டத்தில் தாக்கு அமைப்பும் பொறி அமைப்பும்

தாக்கு அமைப்பு, பொறி அமைப்பு என்பன போக்கிமொன் நிகழ்பட ஆட்டத் தொடரின் போட்டிகளில் ஓர் உயிரியை உருவாக்குவதற்குக் கையாளப்படும் இரு வேறு முறைகள் ஆகும். எதிரணியில் எது வந்தாலும் பெரும் சேதம் விளைவிக்கும்படி ஓர் உயிரியை ஆயத்தம் செய்வது தாக்கு அமைப்பு. எதிரணியின் குறிப்பிட்ட ஓர் உயிரி களத்தை விட்டு வெளியேற முடியாதபடி தடுத்து, அதனை வீழ்த்துவதற்காக ஆயத்தம் செய்வது பொறி அமைப்பு. முதலாவது வலிமையை நம்புகிறது. இரண்டாவது எதிராளியின் தெரிவை நீக்குவதை நம்புகிறது. இவ்விரண்டாவது முறை நேர்மையான ஆட்டத்துக்கு உட்பட்டதா என்ற கேள்வி ஆட்டக்காரர்களிடையே பல ஆண்டுகளாக விவாதிக்கப்பட்டு வருகிறது.

ஆட்டத்தின் அடிப்படை

போக்கிமொன் ஆட்டங்களின் முதல் இணை, கேம் ஃபிரீக் நிறுவனத்தால் உருவாக்கப்பட்டு 1996 பெப்ரவரி 27 அன்று ஜப்பானில் நிண்டெண்டோவின் கேம் பாய் கருவிக்காக வெளியானது. அதன்பின் வெளிவந்த ஒவ்வொரு பெரும் பதிப்பும் ஒரு தலைமுறை எனப்படுகிறது. 2022 இல் வெளியானது ஒன்பதாம் தலைமுறை ஆகும்.

தனியாள் ஆட்டத்தில் ஒவ்வோர் ஆட்டக்காரரிடமும் ஆறு போக்கிமொன்கள் இருக்கும். ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே களத்தில் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் நான்கு உத்திகள் உண்டு. ஒரு சுற்றில் ஆட்டக்காரர் செய்யக்கூடியவை இரண்டு: நான்கு உத்திகளில் ஒன்றைப் பயன்படுத்தலாம், அல்லது களத்தில் உள்ள உயிரியைத் திரும்ப அழைத்து வேறொன்றை அனுப்பலாம். இருவரும் தத்தம் முடிவை மறைவாகத் தெரிவு செய்த பின்னரே சுற்று நடைபெறும். பொதுவாக மாற்றம் முதலிலும் தாக்குதல் அடுத்தும் நிகழும். ஆகவே வெளியேறும் உயிரியை நோக்கி ஏவப்பட்ட தாக்குதல், புதிதாக உள்ளே வந்த உயிரியின் மீது விழும்.

உயிரிகளும் உத்திகளும் தீ, நீர், நிலம், எஃகு முதலிய வகைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. 2013 முதல் முதன்மை வகைகள் 18 ஆகும். ஒரு வகை மற்றொன்றின் மீது இரு மடங்கு சேதம், பாதிச் சேதம் அல்லது சுழியம் விளைவிக்கலாம். இரட்டை வகை கொண்ட உயிரிகளுக்கு இது நான்கு மடங்கு வரை உயரும். எனவே பாதகமான எதிரி முன்னே வந்தால் பின்வாங்கித் தகுந்த உயிரியை அனுப்புவதே இவ்வாட்டத்தின் அடிப்படைத் தற்காப்பு ஆகும். தாக்கு அமைப்பு இத்தற்காப்புடன் மோதுகிறது. பொறி அமைப்போ இத்தற்காப்பையே இல்லாமல் செய்கிறது.

தமிழ்நாட்டில் ஆடப்படும் ஆடுபுலி ஆட்டத்தில் இவ்விரு நோக்கங்களையும் தெளிவாகக் காணலாம். புலிகள் ஆடுகளைத் தாண்டி வெட்டி வெல்ல முயல்கின்றன. ஆடுகளால் எதையும் வெட்ட இயலாது. புலிகள் நகர முடியாதபடி வழிகளை அடைத்தே அவை வெல்கின்றன.

தாக்கு அமைப்பு

மூன்றாம் தலைமுறை முதல் ஓர் உயிரிக்கு அளிக்கக்கூடிய பயிற்சிப் புள்ளிகள் மொத்தம் 510 என வரையறுக்கப்பட்டுள்ளன. போட்டியாட்டக்காரர்கள் ஒரு பண்புக்கு வழக்கமாக அளிக்கும் உச்ச அளவு 252. நூறாம் நிலையில் நான்கு பயிற்சிப் புள்ளிகள் ஒரு பண்புப் புள்ளியாக மாறும். தாக்கு அமைப்பில் தாக்குதலுக்கு 252, வேகத்துக்கு 252 என முழுமையாக ஒதுக்குவது வழக்கம். இதனுடன் ஒரு பண்பைப் பத்து விழுக்காடு உயர்த்தும் இயல்பும், சேதத்தைக் கூட்டும் பொருளும் சேர்க்கப்படும். சாய்ஸ் பேண்ட் என்னும் பொருள் தாக்குதலை ஒன்றரை மடங்காக்கும். ஆனால் அதை அணிந்த உயிரி, களத்தை விட்டு நீங்கும் வரை முதலில் தெரிவு செய்த ஒரே உத்தியையே பயன்படுத்த வேண்டும். லைஃப் ஆர்ப் சேதத்தை 1.3 மடங்காக்கும், தாக்கும் ஒவ்வொரு முறையும் அணிந்தவரின் உயிர்ப்புள்ளியில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்கும்.

இவ்வமைப்பின் நன்மை அதன் பொதுத்தன்மை ஆகும். எதிரணி எத்தகையதாயினும் வலிமையான தாக்குதலுக்குப் பயன் உண்டு. இதன் குறை, ஒவ்வொரு சுற்றிலும் எதிராளியின் எண்ணத்தை ஊகிக்க வேண்டியிருப்பதாகும். எதிரி நிற்பார் என எண்ணி ஓர் உத்தியை ஏவினால் அவர் மாறிவிடலாம்; மாறுவார் என எண்ணி வேறோர் உத்தியை ஏவினால் அவர் நின்று தாக்கலாம். ஒவ்வோர் ஊகமும் சரியாக அமைய இரண்டில் ஒரு வாய்ப்பு எனக் கொண்டால், தொடர்ந்து மூன்று ஊகங்கள் சரியாவதற்கான வாய்ப்பு எட்டில் ஒன்று மட்டுமே.

பொறி அமைப்பின் வளர்ச்சி

முதல் தலைமுறையில் ராப், ஃபயர் ஸ்பின் முதலிய சுற்றி வளைக்கும் உத்திகள் இருந்தன. இவை எதிரியை இரண்டு முதல் ஐந்து சுற்றுகள் வரை தாக்க விடாமல் தடுத்தன. எனினும் எதிரி உயிரியை மாற்றிக்கொள்ளத் தடை இருக்கவில்லை. 1999 இல் வெளியான இரண்டாம் தலைமுறையில் இவ்விதி தலைகீழாக மாறியது. சிக்கிய உயிரி தாக்கலாம்; ஆனால் வெளியேற முடியாது. பொறி என்னும் சொல்லுக்கு இன்று போட்டியாட்டத்தில் உள்ள பொருள் இம்மாற்றத்தோடு தொடங்குகிறது.

அதே தலைமுறையில் மீன் லுக் என்னும் உத்தி அறிமுகமானது. இது எவ்விதச் சேதமும் விளைவிக்காது. எதிரி வெளியேறுவதை மட்டும் தடுக்கும். இதனுடன் பெரிஷ் சாங் என்னும் உத்தி இணைக்கப்பட்டது. இப்பாடலைக் கேட்ட உயிரிகள் களத்தை விட்டு நீங்காவிடில் மூன்று சுற்றுகளுக்குப் பின் வீழ்ந்துவிடும். மிஸ்ட்ரீவஸ் என்னும் பேய் வகை உயிரி முதலில் எதிரியைப் பிணைத்து, பின்னர் பாடலை ஒலித்து, இறுதிச் சுற்றில் தான் மட்டும் வெளியேறிவிடும். முடிவுகள் ஒரே நேரத்தில் தெரிவு செய்யப்படுவதால், மிஸ்ட்ரீவஸ் வெளியேறும் அச்சுற்றில் சிக்கிய உயிரியால் உடன் வெளியேற இயலாது.

பர்சூட் என்னும் உத்தியும் இத்தலைமுறையைச் சேர்ந்ததே. இதன் வலு 40. எதிரி மாற முயன்றால், மாறுவதற்கு முன்பே அதனை இரட்டிப்பு வலுவுடன் தாக்கும். இது வாயிலை அடைப்பதில்லை. வாயிலைக் கடப்பதற்கு விலை வைக்கிறது. டைரனிடார் இவ்வுத்தியைக் கொண்டு லாட்டியோஸ் போன்ற மனவாற்றல் வகை உயிரிகளை வேட்டையாடுவது பல தலைமுறைகளில் வழக்கமாக இருந்தது. 2019 இல் வெளியான எட்டாம் தலைமுறையின் சுவார்ட், ஷீல்ட் ஆட்டங்களில் இவ்வுத்தியைப் பயன்படுத்த முடியாதபடி செய்யப்பட்டது.

மூன்று பொறித் திறன்கள்

2002 இல் வெளியான மூன்றாம் தலைமுறையில் ஒவ்வோர் உயிரிக்கும் திறன் என்னும் இயற்கைப் பண்பு வழங்கப்பட்டது. அவற்றுள் மூன்று திறன்கள், ஒரு சுற்றையும் செலவிடாமல், உள்ளே வந்த உடனேயே எதிரியைப் பிணைப்பவை.

ஷேடோ டேக்: இதன் ஜப்பானியப் பெயர் ககேஃபுமி. பிறர் நிழலை மிதித்துப் பிடிக்கும் சிறுவர் விளையாட்டின் பெயர் இது. வகை வேறுபாடின்றி அனைத்தையும் பிணைக்கும். தொடக்கத்தில் வொபஃபெட், வைனாட் ஆகிய இரண்டுக்கு மட்டுமே இருந்தது. பின்னர் கோத்திடெல், மெகா கெங்கார் முதலியவற்றுக்கும் வழங்கப்பட்டது.

அரீனா டிராப்: இதன் ஜப்பானியப் பெயர் அரிஜிகோகு. மணலில் குழி பறித்து எறும்புக்காகக் காத்திருக்கும் குழியானையைக் குறிக்கும் சொல் இது. தரையில் நிற்கும் உயிரிகளை மட்டும் பிணைக்கும். பறக்கும் வகை உயிரிகளும் மிதக்கும் திறன் பெற்றவையும் தப்பும். டக்ட்ரியோ இதன் முதன்மை எடுத்துக்காட்டு.

மேக்னட் புல்: காந்த ஈர்ப்பு எனப் பொருள்படும் இத்திறன் எஃகு வகை உயிரிகளை மட்டும் பிணைக்கும். மேக்னடான், அதன் வளர்ச்சி நிலையான மேக்னசோன் ஆகியவை இத்திறன் கொண்டவை.

கணக்கீட்டு ஒப்பீடு

இரு அமைப்புகளுக்கும் இடையிலான வேறுபாட்டை நான்காம் தலைமுறையின் ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். எதிரணியின் ஹீட்ரான் களத்தில் உள்ளது. இது தீ, எஃகு ஆகிய இரு வகைகளையும் உடையது; ஆகவே நில வகைத் தாக்குதல் இதன் மீது நான்கு மடங்காக விழும். நூறாம் நிலையில், உயிர்ப்புள்ளிக்கும் தற்காப்புக்கும் பயிற்சி பெறாத ஹீட்ரானின் உயிர்ப்புள்ளி 323; தற்காப்பு 248.

தாக்கு அமைப்பில் உள்ள கார்ச்சாம்ப் முழுப் பயிற்சியுடன் 359 தாக்குதல் உடையது. அது எர்த்குவேக் உத்தியை ஏவினால் விளையும் சேதம் குறைந்தது 624. டக்ட்ரியோவின் தாக்குதல் அதே பயிற்சியுடன் 259 மட்டுமே. அதே உத்தியால் அது விளைவிக்கும் சேதம் குறைந்தது 448. இரண்டும் 323 ஐ விட மிகுதி என்பதால், ஹீட்ரான் நின்றால் இரண்டின் கையிலும் ஒரே அடியில் வீழும். கார்ச்சாம்பின் கூடுதல் வலிமைக்கு இங்கு எந்தப் பயனும் இல்லை.

ஆனால் கார்ச்சாம்பின் முன் ஹீட்ரான் நிற்பதில்லை. எதிராளி அதனைத் திரும்ப அழைத்து, எஃகு, பறத்தல் ஆகிய வகைகளை உடைய ஸ்கார்மரியை அனுப்புவார். பறக்கும் வகை மீது நில வகைத் தாக்குதலின் சேதம் சுழியம். டக்ட்ரியோவின் முன் அத்தெரிவு எதிராளிக்கு இல்லை. ஆகவே வலிமை குறைந்த டக்ட்ரியோ, இந்த ஓர் இலக்கைப் பொறுத்தவரை, வலிமை மிகுந்த கார்ச்சாம்பை விட உறுதியான பலன் தருகிறது.

இவ்வுறுதிக்கும் எல்லை உண்டு. டக்ட்ரியோவின் உச்ச வேகம் 372. ஹீட்ரான் வேகத்தை ஒன்றரை மடங்காக்கும் சாய்ஸ் ஸ்கார்ஃப் அணிந்து முழு வேகப் பயிற்சியும் பெற்றிருந்தால், வேகத்தை உயர்த்தும் இயல்பு இல்லாமலேயே அதன் வேகம் 379 ஆகும். ஏழு புள்ளி வேறுபாட்டில் ஹீட்ரான் முந்தும்; உயிர்ப்புள்ளி மிகக் குறைந்த டக்ட்ரியோ வீழும். அதாவது பொறி வைப்பவர் இலக்கு எது என்பதை மட்டுமன்றி, அது எவ்வாறு ஆயத்தம் செய்யப்பட்டுள்ளது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

இலக்கு தன்னைக் காத்துக்கொள்ளும் விலை

பொறியின் தாக்கம் ஆட்டத்துக்கு முன்பே, அணியை உருவாக்கும் கட்டத்திலேயே தொடங்கிவிடுகிறது. இதற்கு மேக்னசோன், ஸ்கார்மரி இணை நல்ல எடுத்துக்காட்டு. மூன்றாம் தலைமுறை முதல் ஸ்கார்மரி உடல்வகைத் தாக்குதல்களையும் பிளிசி சிறப்புவகைத் தாக்குதல்களையும் தாங்கி நின்ற இணை, உடைப்பதற்குக் கடினமான அரணாக இருந்தது. மேக்னடானும் பின்னர் மேக்னசோனும் அணிகளில் இடம்பெற்றதற்கு இவ்வரணின் ஒரு பாதியை அகற்றும் ஆற்றலே முதன்மைக் காரணம்.

நான்காம் தலைமுறைக் கணக்கின்படி, முழுப் பயிற்சி பெற்ற மேக்னசோனின் தண்டர்போல்ட் உத்தி, சிறப்புத் தற்காப்புக்குப் பயிற்சி பெறாத ஸ்கார்மரிக்கு 458 முதல் 540 வரை சேதம் விளைவிக்கும். உயிர்ப்புள்ளிக்கு முழுப் பயிற்சி பெற்றாலும் ஸ்கார்மரியின் உயிர்ப்புள்ளி 334 மட்டுமே. ஸ்கார்மரி சிறப்புத் தற்காப்பிலும் முழுப் பயிற்சியும் உகந்த இயல்பும் பெற்றால் சேதம் 308 முதல் 366 வரை எனக் குறையும். ஆட்டம் எழுந்தமானமாகத் தெரிவு செய்யும் 16 சேத அளவுகளில் 9, அப்போதும் அதனை வீழ்த்தப் போதுமானவை. அதாவது உடல்வகைத் தற்காப்புக்கான பயிற்சியை முழுவதும் கைவிட்ட பின்னரும் ஸ்கார்மரி பிழைப்பது உறுதியில்லை.

இதற்கு மாற்றாக ஷெட் ஷெல் என்னும் பொருளை அணியலாம். உதிர்ந்த ஓட்டைக் குறிக்கும் இப்பொருள், பொறியில் சிக்கியிருந்தாலும் வெளியேற அனுமதிக்கும். ஆனால் ஓர் உயிரி ஒரு பொருளையே ஏந்த முடியும். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் உயிர்ப்புள்ளியில் 16 இல் ஒரு பங்கை மீட்டுத்தரும் லெஃப்டோவர்ஸ் என்னும் பொருளை இழக்க நேரிடும். எதிரணியில் மேக்னசோன் இல்லாத ஆட்டங்களில் இவ்விழப்புக்கு எந்த ஈடும் இல்லை.

ஐந்தாம் தலைமுறையில் ஸ்டர்டி என்னும் திறனின் விதி மாற்றப்பட்டது. அதன்படி, முழு உயிர்ப்புள்ளியுடன் உள்ள ஸ்கார்மரி ஒரே அடியில் வீழாமல் ஒரு புள்ளியுடன் எஞ்சும். எனினும் அடுத்த சுற்றிலும் அது வெளியேற முடியாது என்பதால் பொறியின் பயன் முற்றிலும் நீங்கவில்லை.

வொபஃபெட்: தாக்குதலே இல்லாத பொறி

பொறி அமைப்பின் எல்லை நிலையாக வொபஃபெட்டைக் கொள்ளலாம். இதன் அடிப்படைத் தாக்குதல், சிறப்புத் தாக்குதல், வேகம் ஆகிய மூன்றும் தலா 33 மட்டுமே. அடிப்படை உயிர்ப்புள்ளி 190. இதனிடம் நேரடித் தாக்குதல் உத்தி இல்லை. கவுண்டர், தான் பெற்ற உடல்வகைச் சேதத்தை இரட்டிப்பாகத் திருப்பித் தரும். மிரர் கோட், சிறப்புவகைச் சேதத்தை அவ்வாறே திருப்பும். எதிரி 300 சேதம் விளைவித்தால் 600 திரும்பி வரும். எனவே எதிரியின் வலிமையே அதன் அழிவுக்குக் காரணமாகிறது. எதிரி தாக்காமல் வேறு உத்தியை நாடினால், என்கோர் உத்தி அதனை அவ்வுத்தியிலேயே சில சுற்றுகள் பூட்டிவிடும். அச்சுற்றுகளில் வொபஃபெட் வெளியேற, அதன் கூட்டாளி உள்ளே வந்து தன் வலிமையை அச்சமின்றிப் பெருக்கிக்கொள்ளும்.

மூன்றாம் தலைமுறையில் இரு வொபஃபெட்கள் எதிரெதிரே நின்றால் இரண்டுமே வெளியேற இயலாது. இரண்டும் லெஃப்டோவர்ஸ் ஏந்தியிருந்தால் ஆட்டம் முடிவின்றி நீளக்கூடிய நிலை ஏற்பட்டது. நான்காம் தலைமுறையில், ஷேடோ டேக் உடைய உயிரியை மற்றொன்றின் ஷேடோ டேக் பிணைக்காது என விதி திருத்தப்பட்டது.

ஊகத்தின் இடமாற்றம்

பொறி அமைப்பு ஊகத்தின் தேவையை நீக்கிவிடுகிறது என்ற கருத்து உண்டு. இது பாதி உண்மையே. பொறி விழுந்த பின் ஊகத்துக்குத் தேவை மிகக் குறைவு. ஆனால் பொறி வைக்கும் உயிரி, இலக்கு களத்தில் இருக்கும் வேளையில், சேதம் அடையாமல் உள்ளே வர வேண்டும். டக்ட்ரியோவின் அடிப்படை உயிர்ப்புள்ளி 35. ஹீட்ரானின் தீத் தாக்குதலின் மீது நேரடியாக இறங்கினால் அது வீழ்ந்துவிடும். ஆகவே உள்ளே வருவதற்குப் பின்வரும் வழிகள் கையாளப்படுகின்றன.

- தன் உயிரி ஒன்று வீழ்ந்த பின், அந்த இடத்தில் சேதமின்றி வருதல். இதற்கு ஓர் உயிரியை இழக்க வேண்டும்.
- தாக்கியபடியே வெளியேறும் யூ-டர்ன், வோல்ட் சுவிட்ச் போன்ற உத்திகளைக் கூட்டாளி பயன்படுத்தி வழிவிடுதல்.
- எதிராளி இலக்கை அனுப்பும் அதே சுற்றில் பொறி உயிரியை அனுப்புதல். இதற்குச் சரியான ஊகம் தேவை.

எனவே தாக்கு அமைப்பு ஒவ்வொரு சுற்றிலும் சிறு ஊகங்களைச் செய்கிறது. பொறி அமைப்பு நுழையும் தருணத்தில் ஒரு பெரிய ஊகத்தைச் செய்கிறது. ஊகம் தவறினால் தாக்கு அமைப்பு பெரும்பாலும் ஒரு சுற்றை இழக்கும். பொறி அமைப்பு பொறி உயிரியையே இழக்கலாம்.

நடைமுறையில் இவ்விரண்டும் ஒரே அணியில் இணைந்தே பயன்படுகின்றன. டிராகன் வகைத் தாக்குதல்களை எஃகு வகை பாதியாகக் குறைக்கும். மேக்னசோன் எதிரணியின் எஃகு வகை உயிரியை அகற்றிய பின் சலமென்ஸ், டிராகனைட் முதலியவை தடையின்றித் தாக்கும். மேக்னசோன் வீழ்த்துவது ஓர் உயிரியை மட்டுமே. வெற்றியை ஈட்டுவது அதன் கூட்டாளி. எதிரணியில் எஃகு வகை இல்லையெனில், மேக்னசோனின் திறன் அந்த ஆட்டம் முழுவதும் பயனற்றுக் கிடக்கும்.

தப்பும் வழிகள்

- யூ-டர்ன், வோல்ட் சுவிட்ச், பேட்டன் பாஸ் ஆகிய உத்திகள் பொறியில் சிக்கிய நிலையிலும் உயிரியை மாற்ற உதவும்.
- 2013 இல் வெளியான ஆறாம் தலைமுறை முதல் பேய் வகை உயிரிகளைப் பொறிகள் பிணைப்பதில்லை.
- ஐந்தாம் தலைமுறையில் அறிமுகமான ஏர் பலூன், அணிந்தவரைத் தரையிலிருந்து உயர்த்துவதால் அரீனா டிராப்பிலிருந்து காக்கும். சேதம் பட்டவுடன் அது வெடித்துவிடும்.
- ஒன்பதாம் தலைமுறையில் ஓர் உயிரி தன் வகையை ஆட்டத்தின் நடுவே மாற்றிக்கொள்ளலாம். எஃகு வகையைத் துறந்த உயிரியை மேக்னட் புல் பிணைக்காது. ஆனால் வகையை மாற்றும் சுற்றில் வெளியேற முடியாது. அந்த ஒரு சுற்றைத் தாங்க வேண்டும்.

தடைகளும் விவாதமும்

2004 இல் தொடங்கிய ஸ்மோகன் என்னும் ஆர்வலர் குழுமம் தனியாள் ஆட்டங்களுக்கான விதிகளை வகுத்து வருகிறது. இதன் முதன்மைப் பிரிவில் மூன்றாம், நான்காம் தலைமுறைகளில் வொபஃபெட் தடை செய்யப்பட்டது. ஆறாம் தலைமுறையில் ஷேடோ டேக் திறனும், ஏழாம் தலைமுறையில் அரீனா டிராப் திறனும் முழுமையாகத் தடை செய்யப்பட்டன. ஒன்பதாம் தலைமுறையிலும் இவ்விரு தடைகளும் இடம்பெற்றன. மேக்னட் புல் தடை செய்யப்படவில்லை.

தடையை ஆதரிப்போர், மாற்றிக்கொள்ளும் உரிமையே இவ்வாட்டத்தில் திறமை வெளிப்படும் இடம் என்கின்றனர். அவ்வுரிமை நீங்கினால், திறமையாக ஆடியும் தவிர்க்க முடியாத இழப்பு நேர்கிறது. இரு அணிகளும் எதிரெதிரே வைக்கப்பட்டபோதே முடிவு பெருமளவு தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது என்பது அவர்களது வாதம். தடையை எதிர்ப்போர், பொறி உயிரிகள் பொதுவாக வலிமை குறைந்தவை எனவும், அணியில் ஓர் இடத்தை விலையாகக் கொண்டவை எனவும், முன்னறிந்து தவிர்க்கக்கூடியவை எனவும் சுட்டிக்காட்டுகின்றனர். எஃகு வகையை மட்டும் பிணைக்கும் மேக்னட் புல் ஏற்கப்பட்டதும், ஏறத்தாழ எதனையும் பிணைக்கும் ஷேடோ டேக் விலக்கப்பட்டதும், இவ்விரு வாதங்களுக்கும் இடைப்பட்ட ஒரு நிலைப்பாட்டைக் காட்டுகின்றன. பொறி இருக்கலாம், ஆனால் அதன் இலக்குகள் சிலவாக இருக்க வேண்டும், அணியை அமைப்பவர் அவற்றை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்பதே அந்நிலைப்பாடு.

2009 முதல் நடைபெற்றுவரும் அதிகாரபூர்வ உலகப் போட்டிகள் இரட்டையர் ஆட்ட முறையைப் பின்பற்றின. இம்முறையில் ஆறிலிருந்து நான்கு உயிரிகள் தெரிவு செய்யப்பட்டு, ஒரே நேரத்தில் இரண்டு களத்தில் நிற்கும். இங்கு பொறித் திறன்களுக்கு அத்தகைய தடை விதிக்கப்படவில்லை. 2014 ஆம் ஆண்டுப் பருவத்தில் மெகா கெங்காரின் ஷேடோ டேக்கையும் பொலிடோடின் பெரிஷ் சாங்கையும் இணைத்த அணிகள் ஆடப்பட்டன. சிக்கிய உயிரிக்கு அருகில் ஒரு துணை நிற்பதாலும், அத்துணை பொறி வைத்த உயிரியை அதே சுற்றில் தாக்க முடிவதாலும், இரட்டையர் ஆட்டத்தில் பொறியின் கடுமை ஓரளவு தணிகிறது.